எழுதியவர்தான் அழிக்கலாம்

போன மாதம் ஐஸ்வாடியிலிருந்து இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். இருவருக்கும் முப்பது வயதுக்குள்தான் இருக்கும். தங்கள் நாடக அரங்கின் ஆண்டு மலர் அச்சுக்குப் போகிறது, நான் ஒருமுறை பிழை பார்த்துத் தர வேண்டும், கூடவே என் அனுபவத்தை இரண்டு பக்கத்தில் எழுதித் தர வேண்டும் என்று கேட்டார்கள்.

"தலைவரும் இல்லாம செயலாளரும் இல்லாம ஒரு அரங்கு இவ்வளவு காலம் எப்பிடி நடந்தது எண்டு எழுதுங்க அக்கா," என்றாள் வந்தவர்களில் ஒருத்தி. "கொக்கட்டிச்சோலைப் பக்கம் ஒரு குழு பழைய நெல் களஞ்சியம் ஒண்ட எடுத்து இதே மாதிரித் தொடங்கப் போறாங்க. அவங்களுக்கும் உதவும்."

பிழை பார்த்துக் கொடுத்துவிட்டேன். கட்டுரை இரண்டு பக்கத்தில் அடங்கவில்லை. அடங்கியிருந்தாலும் அந்த மலருக்குப் பொருந்தியிருக்காது. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

ஐஸ்வாடி என்பது நாவற்குடாவில் வாவிக் கரையில் நிற்கும் பழைய ஐஸ் தொழிற்சாலை. மீன்காரருக்கு ஐஸ் கொடுத்துக்கொண்டிருந்த இடம். உரிமையாளர் வெளிநாடு போனபின் இயந்திரங்களைக் கழற்றி விற்றுவிட்டார்கள். கட்டடம் மிஞ்சியது. குளிர் வெளியேறாமல் இருப்பதற்காக இரட்டைச் சுவர் கட்டி நடுவில் உமி அடைத்திருந்தார்கள். அதனால் உள்ளே கத்தினால் தெருவுக்குக் கேட்காது. ஐஸ் உறையவைக்கும் தொட்டி இருந்த இடம் இடுப்பளவு பள்ளம். அந்தப் பள்ளத்தில் ஆடினால் மேலே நான்கு பக்கமும் இருந்து பார்க்கலாம். கூத்துக் களரியைத் தலைகீழாகக் கவிழ்த்துவைத்த மாதிரி. நாடகக்காரர் சிலர் அதைப் பார்த்து ஆசைப்பட்டு, உரிமையாளரிடம் கேட்டு வாங்கினார்கள். பெயர்ப்பலகை வைக்கவில்லை. ஊர் சொன்ன பெயரே நின்றுவிட்டது.

நான் அங்கே போனது வேலைக்கு. அதற்கு முன் ஒரு பத்திரிகையின் மட்டக்களப்புப் பணிமனையில் இருந்தேன். பிழை திருத்துவதில் தொடங்கி, பிரதேசச் செய்திகளைச் செப்பனிடுவதுவரை வந்திருந்தேன். அங்கே செய்தி ஆசிரியர் எனக்குக் கற்றுத் தந்தது ஒரேயொரு கேள்வியைத்தான். எந்தச் செய்தித் துண்டைக் கொண்டுபோய் வைத்தாலும் வாசித்துவிட்டு, சிவப்புப் பேனையின் பின்பக்கத்தால் மேசையில் தட்டி, "ஆரு சொன்ன?" என்பார். "எல்லாரும் சொல்றாங்க சேர்" என்றால் துண்டு திரும்பி வரும். "எல்லாரும் எண்டு ஒராள் இந்த ஊரில இல்ல. இருந்தா அவர்ட பேரையும் வயசையும் கேட்டு எழுதிக்கொண்டு வா." பணிமனையை மூடியபோது அந்தக் கேள்வியைத் தவிர வேறொன்றும் என் கையில் இல்லை.

ஐஸ்வாடியில் என் வேலைக்கு மண்டபப் பொறுப்பு என்று பெயர். கதவுத் திறப்பு என்னிடம் இருக்கும். பன்பாய்களை வெயிலில் போட்டு எடுப்பது, மின்சாரக் கட்டணம் கட்டுவது, நாடக ஆற்றுகை நாட்களில் வாசலில் நிற்பது, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் குறிப்பெடுப்பது. சம்பளம் வாங்கிய ஒரே ஆள் நான். ஆகவே அங்கே நடந்தவற்றில் எனக்குச் சொல் இருக்கவில்லை. மேடையேறுபவருக்குத்தான் சொல் என்பது தொடக்கத்திலேயே போட்ட விதி.

விதிகள் அதிகமில்லை. அவற்றைச் சரியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நல்ல விதிகள்.

பிரதம அதிதி கிடையாது. பொன்னாடை கிடையாது. கதிரை கிடையாது. எல்லாரும் பாயில்தான் இருக்க வேண்டும். ஒருமுறை ஒரு பெரிய அதிகாரி இறுகிய காற்சட்டையோடு வந்துவிட்டார். கதிரையைத் தேடினார். மின்விளக்குப் பார்க்கும் நஜீம் நானா ஏணியிலிருந்தபடியே, "சேர், பாய் நல்ல பாய். கால நீட்டியும் இரிக்கலாம், ஆரும் போட்டோ எடுக்க மாட்டாங்க" என்றார். அதிகாரி முழு நாடகத்தையும் சுவரில் சாய்ந்து நின்றே பார்த்தார். நஜீம் நானாவுக்குக் காத்தான்குடியில் மின்சாதனம் திருத்தும் கடை. அவர் மஃரிப் தொழுதுவிட்டு வருவதற்காகத்தான் எல்லா ஆற்றுகையும் பொழுதுபட்ட பிறகு தொடங்கும். அதையும் யாரும் விதியாக எழுதவில்லை. அது தன்பாட்டில் அப்படி அமைந்தது.

அடுத்தது வேலை விதி. ஒருவர் தன் ஆற்றுகைக்கு ஒரு சனிக்கிழமை கேட்பதானால், அதற்கு முன் மற்றவர்களின் ஆற்றுகைக்குக் கூட்டியிருக்க வேண்டும், பாய் விரித்திருக்க வேண்டும், விளக்குக்கோ வாசலுக்கோ நின்றிருக்க வேண்டும். தன் சொந்த ஆற்றுகை நாளில் அவர் விளக்குமாற்றைத் தொடக்கூடாது. "உன்ட நாடகத்துக்கு நீயே கூட்டினா அது உன்ட வீடு. மத்தவன் வந்து கூட்டினாத்தான் அது அரங்கு" என்று, இடத்தைத் தொடக்கியவர்களில் ஒருவரான சிவம் அண்ணன் விளக்கம் சொல்வார்.

மூன்றாவது, பலகை. வாசலுக்கு உட்புறம், ஐஸ்கட்டிக் கணக்கு எழுதிய கரும்பலகை அப்படியே இருந்தது. சித்திரைக்குப் பிறகு பருவம் தொடங்கும். ஐப்பசியில் மாரி இறங்கினால் பள்ளத்தில் நீர் ஊறத் தொடங்கும், பருவம் முடியும். இடையிலுள்ள சனிக்கிழமைகளைப் பலகையில் எழுதிவைப்போம். வேலை செய்து முடித்தவர் வெறுமையாக இருக்கும் சனிக்கிழமைக்கு நேரே சோக்கால் தன் பெயரை எழுதலாம். எழுதியவர்தான் அழிக்கலாம். வேறெவரும் அந்தப் பெயரில் கை வைக்கக்கூடாது. கோயில் மேடையிலும் கழக விழாக்களிலும் கடைசி நேரத்தில் பெயர் வெட்டப்பட்டவர்கள் கூடி உண்டாக்கிய இடம் அது. அந்த விதி எப்படி வந்தது என்று விளங்கும்.

ஞாயிறு காலையில் பள்ளத்துக்குள் இறங்கி வட்டமாக இருப்பார்கள். நான் பெயர்களை வாசிப்பேன். எவருக்காவது அதற்குத் தடையாக ஒரு சொல் இருந்தால் சொல்லலாம். சொல் இருந்தால் அந்தப் பெயருக்குக் கீழே ஒரு கோடு போடப்படும், அடுத்த ஞாயிறு பேசுவோம். இல்லாவிட்டால் நாள் உறுதி. வாக்கெடுப்பு இல்லை. வாக்கெடுத்தால் தோற்றவர் ஒருவர் இருப்பார் என்பது காரணம்.

இப்படித்தான் நடந்தது, நன்றாகவும் நடந்தது. வாவிக்கு அப்பாலிருந்து கூத்துக்காரர் வந்து ஆடினார்கள். கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கரை ஏசி ஒரு நாடகம் வந்தது. காணி பிடிப்பவரை ஏசி ஒன்று. தொண்டு நிறுவனங்களின் பயிற்சிப் பட்டறைகளைக் கிண்டல்செய்து ஒன்று. அதற்கு அந்தப் பட்டறைக்காரரே வந்திருந்து சிரித்தார்கள். ஒருநாள் பொலிசார் வந்து, "இதுக்கு ஆரு பொறுப்பு?" என்று கேட்டபோது பள்ளத்தில் இருந்த அத்தனை பேரும் "நாங்க எல்லாரும்" என்றார்கள். வந்தவர் பெயர்களை எழுதத் தொடங்கி, கை அலுத்து, கொப்பியை மூடிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு அந்தப் பதில் எங்களைக் காப்பாற்றியது.

இனிச் சிவம் அண்ணனைப் பற்றி. தலைவர் இல்லாத இடத்தில் மேலதிகாரியைப் பற்றி எழுதுவது விசித்திரமாக இருக்கும். ஆனால் நான் பார்த்த மேலதிகாரிகளில் அவர்தான் முழுமையானவர். கூட்டுறவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நல்ல நாடகக்காரர். கட்டடத்தைக் கேட்டு வாங்கியவர்களில் முதல் ஆள். அவர் எவருக்கும் ஒரு கட்டளை இட்டு நான் கேட்டதில்லை. குரலை உயர்த்தியதில்லை. பாய் சுருட்டுவார், கக்கூசும் கழுவுவார். வட்டத்துக்கு எப்போதும் கடைசி ஆளாக வந்து, யாராவது நகர்ந்து கொடுக்கும் இடத்தில் இருப்பார். வட்டத்துக்குத் தலைப்பக்கம் கிடையாது. ஆனால் அவர் இருந்து ஒரு நிமிடத்துக்குள் எல்லாருடைய முழங்காலும் அவர் பக்கம் திரும்பியிருக்கும்.

அவருக்கு ஒன்று பிடித்தால் பேசமாட்டார். பிடிக்காவிட்டால் கண்ணாடியைக் கழற்றி, இடுப்பில் கட்டிய சாரத்தின் தலைப்பால் ஒரு வில்லையைத் துடைத்து, மற்ற வில்லையையும் துடைத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்து, "நல்லம். யோசிப்பம்" என்பார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு காரணங்கள் வேறு வாய்களிலிருந்து வரும். அவரே அந்தக் காரணங்களை மறுத்துக்கூடப் பேசுவார். "அப்பிடிச் சொல்லாதீங்கடா, பாவம்" என்பார். காரணங்கள் இன்னும் கூடும்.

பவானி முன்பள்ளி ஆசிரியை. ஐஸ்வாடிக்குப் பக்கத்து ஒழுங்கையில் வீடு. முதலில் பார்க்க வந்தாள், பிறகு கூட்ட வந்தாள், பிறகு நடிக்க வந்தாள். மற்றவர்களின் நாடகங்களில் தாயாக, மனைவியாக, பிணமாக வந்தாள். பிணமாகத்தான் அதிகம். மூச்சை அடக்குவதில் அவளை மிஞ்ச ஆளில்லை.

"இஞ்ச எத்தின தரம் செத்திட்டன் எண்டு எனக்கே தெரியா அக்கா," என்பாள் பாய் விரித்துக்கொண்டே. "ஒருக்காலாவது உசிரோட வரவேணும்."

வீட்டில் அவளுடைய மாமியார் விடமாட்டார். "கூட்டுறதுக்குத்தான் அங்க போறயா கா? முத்தத்தில இரிக்கிற குப்ப உன்ட கண்ணுக்குத் தெரியல்லயா?" என்று கேட்பாராம். பவானி இதை மாமியாரின் குரலிலேயே சொல்லிக் காட்டுவாள். நஜீம் நானா விழுந்து சிரிப்பார். ஒரு சித்திரையில் அவள் மாமியாரிடம் சொல்லிவிட்டாள்: இந்தப் பருவத்தில் என்னுடைய நாடகம் வரும், நீங்கள் முன்னுக்கு இருந்து பார்க்க வேண்டும். இது நடக்காவிட்டால் இனி அங்கே போகமாட்டேன். என்னிடமும் அதையே சொன்னாள். சிரிக்காமல் சொன்னாள்.

அவளிடம் நாடகம் இருந்தது. தனி ஆளாக நடிப்பது. ஒரு கொட்டகைக்குள் மாடு ஒன்று புகுந்துவிடுகிறது. கொட்டகைக்காரர் அதைத் துரத்துவது பற்றிப் பேச வட்டமாக இருக்கிறார்கள். அங்கே யாரும் யாரையும் ஏவக்கூடாது என்பது விதி. ஆகவே மாட்டைத் துரத்தும்படி எவரும் எவருக்கும் சொல்ல முடியாது. அவர்கள் பேசப் பேச மாடு பாய்களை ஒவ்வொன்றாகத் தின்கிறது. கடைசிப் பாயும் முடிந்தபோது, மாடும் வட்டத்தில் ஒரு பக்கமாகப் படுத்துவிடுகிறது. அதற்கும் ஒரு சொல் உண்டு என்று எல்லாரும் ஏற்றுக்கொள்கிறார்கள். மாடு அசைபோட்டபடி எல்லாரையும் பார்க்கிறது. முடிந்தது.

ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் புது ஆக்கங்களைப் பகல் வெளிச்சத்தில் தமக்குள் ஒருமுறை செய்து பார்ப்பார்கள். வெள்ளோட்டம் என்பது அதற்குப் பெயர். பவானியின் வெள்ளோட்டத்துக்கு எல்லாரும் இருந்தார்கள். ஒரு சாரத்தை மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டு அத்தனை ஆண்களாகவும் வந்தாள். எனக்கு ஒவ்வொருவரையும் தெரிந்தது. அவர்களுக்கும் தம்மைத் தெரிந்தது, முழங்கையால் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு சிரித்தார்கள். பிறகு வட்டத்துக்குக் கடைசியாக ஒரு ஆள் வந்தார். இருந்தார். கண்ணாடியைக் கழற்றினார். சாரத் தலைப்பால் ஒரு வில்லை, மற்ற வில்லை. வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். "மாடு நல்லம். யோசிப்பம்."

நஜீம் நானா சிரிப்பை அடக்க ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். மற்றவர்கள் சிரிப்பதற்கு முன் சிவம் அண்ணனைப் பார்த்தார்கள். சிவம் அண்ணன் சிரித்தார். அவர்தான் முதலில் சிரித்தார், பலமாகவும் சிரித்தார். அதைப் பார்த்துவிட்டு எல்லாரும் சிரித்தார்கள். கண்ணில் நீர் வர, அவர் கண்ணாடியைக் கழற்றிச் சாரத் தலைப்பை எடுத்தார். ஒரு வில்லையைத் துடைத்தார். அந்த இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது. மற்ற வில்லையை அவர் துடைக்கவில்லை. கண்ணாடியை அப்படியே போட்டுக்கொண்டு, "அருமையாச் செஞ்சாய் பிள்ள" என்றார்.

பவானி அன்றைக்கே பலகையில் தன் பெயரை எழுதினாள். ஆவணியில் ஒரு சனிக்கிழமை.

ஞாயிறு நான் பெயரை வாசித்தபோது ஒருவருக்குச் சொல் இருந்தது. அந்தக் கிழமை கொக்கட்டிச்சோலைத் தேர், சனம் முழுக்க அங்கே போய்விடும், பாவம் பவானி வெறும் பாய்களுக்கு முன்னால் நடிக்க வேண்டிவரும். உண்மையான காரணம். பவானி தானே எழுந்துபோய் அழித்துவிட்டு இரண்டு கிழமை தள்ளி எழுதினாள். அந்த நாள் நெருங்கியபோது, வாவிக்கு அப்பாலிருந்து கூத்துக்காரருக்கு அந்த ஒரு சனிக்கிழமைதான் வசதி என்று சொல் வந்தது. வயதானவர்கள், அறுவடை முடிந்து இடைவெளியில் வருகிறார்கள். பவானி அழித்தாள், தள்ளி எழுதினாள். மூன்றாம் முறை காரணம் வெளியிலிருந்து வரவில்லை. நாடகம் இன்னும் கொஞ்சம் முற்ற வேண்டும் என்று ஒருவர் சொன்னார். முடிவு தெளிவில்லை என்று இன்னொருவர் சொன்னார். மாடு யார் என்று பார்ப்பவர் கேட்பார்கள் என்றார் மற்றவர்.

"மாடு மாடுதான் அண்ணன்," என்றாள் பவானி.

சிரிப்பு வரவில்லை. சிவம் அண்ணன் அவளுக்காகப் பேசினார். "அவள்ட நாடகத்த அவள் அறிவாள்டா. நாம ஆரு சொல்ல?" பிறகு கொஞ்சம் பொறுத்து, "எதுக்கும் யோசிப்பம்" என்றார். பெயருக்குக் கீழே கோடு விழுந்தது.

அந்தக் கிழமை சிவம் அண்ணன் வாசலில் இருந்து கிழிந்த பாய்க்கு ஓரம் தைத்துக்கொண்டிருந்தார். வேறு யாரும் இருக்கவில்லை. வட்டத்தில் எனக்குச் சொல் இல்லை, வாசலில் இருந்தது.

"அண்ணன், அந்த நாடகம் வேணாம் எண்டா நீங்களே அவளுக்கிட்ட நேர சொல்லலாமே," என்றேன்.

அவர் ஊசியை நிறுத்தினார். உண்மையாகவே திடுக்கிட்டார். அதை நான் கவனமாகப் பார்த்தேன். "வேணாமா? ஆரு தேவகி அப்பிடிச் சொன்ன?"

"அதத்தான் நானும் கேக்கிறன்."

"இஞ்ச ஆரும் ஆருக்கும் வேணாம் எண்டு சொல்லேலா. நான் சொல்லேலா, நீ சொல்லேலா. அதுக்குத்தானே இந்த இடத்த உண்டாக்கின." நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "ஒரு இடத்தில வேணாம் எண்டு சொல்ல ஒருத்தன் வந்திட்டா, மறுகா அது கோயில் கமிட்டிதான்."

அவர் பொய் சொல்லவில்லை. என் கோபம் அதனால்தான் இன்றும் ஆறவில்லை. பொய்யென்றால் நான் ஒரு துண்டு எழுதி முடித்திருப்பேன்.

பவானி அதையும் அழித்துவிட்டு, கடைசியாகத் தன் பெயரை எழுதியது பருவத்தின் கடைசிச் சனிக்கிழமைக்கு. அதற்கு எவருக்கும் சொல் இருக்கவில்லை. நாள் உறுதி என்று குறித்தேன். வெளியே வந்து பவானி என் கையைப் பிடித்து, "அக்கா, மாமிக்குச் சொல்லிட்டன், முன்பள்ளித் தாய்மாருக்கும் சொல்லிட்டன். இனி அந்த மாடு வந்துதான் ஆகவேணும்" என்றாள்.

அந்தக் கிழமை மாரி இறங்கியது. சனிக்கிழமை பகல் நான் போனபோது பள்ளத்தில் கணுக்காலளவு நீர். அதில் புதுமை ஒன்றுமில்லை. முன்பொரு பருவத்தில் சிவம் அண்ணனின் நாடகத்துக்கு இதைவிடக் கூடுதலாக நீர் நின்றது. அன்றைக்கு எல்லாரும் வந்தார்கள். கொக்கட்டிச்சோலையில் வயல் வட்டைக்கு நீர் இறைக்கும் இயந்திரம் ஒன்றை லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். மிஞ்சியதை வாளி வாளியாகக் கைமாற்றி வாவியில் ஊற்றினார்கள். பாட்டும் கூத்துமாக இருந்தது. அதை ஒருவர் படம் எடுத்தார். மலரின் அட்டையில் இப்போது அந்தப் படம்தான்.

இந்தச் சனிக்கிழமை கூட்டவும் பாய் விரிக்கவும் முறை இருந்தவர்கள் வரவில்லை. தொலைபேசி எடுத்தேன்.

"மழை அக்கா. இண்டைக்கு இல்லத்தானே?" என்றார் ஒருவர்.

"ஆரு இல்ல எண்டு சொன்ன?"

"ஆரும் சொல்லல்ல. அப்பிடித்தானே இரிக்கும்."

இன்னொருவர், மற்றவர் வருவார் என்று நினைத்திருந்தார். அந்த மற்றவர், முதலாமவர் வராததால் விட்டுவிட்டார்கள் என்று நினைத்திருந்தார். ஒருவர் அக்கறையோடு, "பவானிக்கு ஆரும் சொல்லயில்லயா?" என்று கேட்டார். என்ன சொல்லவேண்டும் என்று கேட்டேன். இணைப்பு விட்டுப்போயிற்று.

பொழுதுபடும் நேரம் நஜீம் நானா நனைந்துகொண்டு வந்தார். கம்பியெல்லாம் மேலே கட்டியிருக்கிறது, விளக்குக்குப் பயமில்லை என்றார். பவானி முகத்துக்கு ஒப்பனை போட்டுக்கொண்டு வந்தாள். பள்ளத்தைப் பார்த்தாள். பலகையைப் பார்த்தாள். அதன் ஓரத்தில் எழுதியிருந்த கூட்டும் முறைக்காரர்களின் பெயர்களையும் பார்த்தாள். பிறகு வாளியை எடுத்தாள்.

"நீ எடுக்கப்படாதே புள்ள," என்றார் நஜீம் நானா. பகிடியாகச் சொல்லத் தொடங்கினார், பாதியில் அது பகிடியாக இருக்கவில்லை.

"அப்ப ஆரு எடுக்கிற நானா?"

மூன்று பேரும் இறைத்தோம். இறைக்க இறைக்க ஊறியது. வாசலில் குடைகள் வரத் தொடங்கின. முன்பள்ளித் தாய்மார், அவர்களுடைய பிள்ளைகள், ஒழுங்கைச் சனம். மாமியார் நல்ல சேலை உடுத்து, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். பாய் விரிக்க ஆளில்லாததால் அவர்கள் சுவரோரமாக நின்றார்கள். ஒப்பனை கரைந்த முகத்தோடு பவானி வாளியும் கையுமாகப் பள்ளத்தில் நிற்பதைப் பார்த்தார்கள். நாடகம் தொடங்கிவிட்டது என்று நினைத்தார்களோ தெரியாது, பேசாமல் நின்றார்கள். ஒரு பிள்ளை கைதட்டியது.

அப்போதுதான் சிவம் அண்ணன் வந்தார். குடையை மடக்கி வாசலில் சாய்த்தார். பள்ளத்தை எட்டிப் பார்த்தார்.

"ஐயோ, என்ன பிள்ள இது? மழைக்குள்ள இப்பிடிக் கஷ்டப்படுறாய். ஒராள் கூடவா வரல்ல?" அவர் குரலில் கவலை இருந்தது. கண்ணாடியில் மழைத்துளி. கழற்றினார். சாரத் தலைப்பால் ஒரு வில்லையைத் துடைத்தார், மற்ற வில்லையைத் துடைத்தார். "சரி. நாளைக்கு வட்டத்தில யோசிப்பம்."

பவானி வாளியைக் கீழே வைத்தாள். சத்தம் வராமல் வைத்தாள். மேலே ஏறி, வாசல் மூலையில் கிடந்த ஈரத்துணியை எடுத்துப் பலகைக்குப் போனாள். அதுவரை எல்லாரும் உள்ளங்கையால்தான் அழிப்பார்கள், பழைய பெயர் கொஞ்சம் புகைபோல் நிற்கும். அவள் ஈரத்துணியால் அழுத்தித் துடைத்தாள். பெயரும் அந்தச் சனிக்கிழமையும் போயின.

"நீ ஏன் அழிக்கிறாய்?" என்றார் சிவம் அண்ணன். "ஆரும் உன்ன அழிக்கச் சொல்லல்லயே."

"எழுதினவதான் அழிக்கலாம் எண்டு நீங்கதானே அண்ணன் சொல்லித் தந்த."

மாமியார் சுவரோரத்திலிருந்து, "நாடகம் முடிஞ்சிதா கா?" என்று கேட்டார்.

"ஓம் மாமி, முடிஞ்சிது. வாங்க போவம்."

குடைகள் ஒவ்வொன்றாக விரிந்து வெளியேறின. நஜீம் நானா விளக்குகளை அணைக்கும்போது யாரிடமும் என்றில்லாமல், "இந்தப் புள்ள இவ்வளவு நல்லாச் செத்தத நான் பாக்கல்ல" என்றார்.

மறுநாள் வட்டத்தில் மழை காரணமாக ஓர் ஆற்றுகை நடைபெறவில்லை என்று சொல்லப்பட்டது, நான் எழுதினேன். எவருக்கும் சொல் இருக்கவில்லை. அடுத்த பருவம் பவானி வரவில்லை. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. வரவேண்டாம் என்றும் யாரும் சொல்லவில்லையே. நஜீம் நானா அந்தப் பருவம் முழுக்க வந்தார், பிறகு கடை வேலை கூடிவிட்டது என்று நின்றுவிட்டார். நான் ஓய்வு பெறும்வரை இருந்தேன். எனக்குச் சம்பளம் வேண்டியிருந்தது.

இப்போது ஐஸ்வாடிக்குப் பெயர் வந்துவிட்டது. கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வந்து பார்க்கிறார்கள். தலைவர் இல்லாமல் நடக்கும் அரங்கு என்று எழுதுகிறார்கள். பள்ளத்துக்கு நீர் ஊறாத சீமெந்துப் பூச்சு போட்டாயிற்று. பழைய பலகையைக் கழற்றாமல் அதன் மேல் கண்ணாடி போட்டுப் பாதுகாத்திருக்கிறார்கள். அந்தப் பருவத்தின் பெயர்கள் அப்படியே இருக்கின்றன, ஏனென்றால் அடுத்த பருவம் வெள்ளைப் பலகை வாங்கிவிட்டோம். கடைசி வரி இருந்த இடம் மட்டும் மற்றதைவிடக் கறுப்பாக, சுத்தமாக இருக்கும். வந்தவர் ஒருவர் அது என்ன என்று கேட்டபோது, அந்தக் கிழமை மழை என்று அங்கே நின்றவர் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

பவானி இன்னும் அதே முன்பள்ளியில்தான் படிப்பிக்கிறாள். போன தவணை பிள்ளைகளின் விழாவுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தாள். பிள்ளைகள் மாடாக, முயலாக, கிளியாக வந்தார்கள். பிரதம அதிதி இருந்தார், கதிரை இருந்தது, பொன்னாடையும் இருந்தது. யார் எதற்குப் பொறுப்பு என்று வாசலில் ஒரு தாளில் ஒட்டியிருந்தார்கள். மேலே அவள் பெயர்.

மலரின் பிழைகளுக்கு வருகிறேன். எழுத்துப் பிழைகள் அதிகமில்லை. முன்னுரையில் ஒரு வசனம் இருந்தது: "ஐஸ்வாடியில் எந்தவொரு கலைஞரின் ஆற்றுகைக்கும் இதுவரை இடம் மறுக்கப்பட்டதில்லை." நெடுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுத்துப் பிழை இல்லை. தகவல் பிழை என்றும் நிரூபிக்க முடியாது. ஓரத்தில் சிவப்புப் பேனையால், "யார் சொன்னது?" என்று எழுதிக் கொடுத்தேன்.

நேற்று மலர் அச்சாகி வீட்டுக்கு வந்தது. அந்த வசனம் அப்படியே இருந்தது. மலர் விஷயமாக வீட்டுக்கு வந்த அந்தப் பெண்ணுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"நீங்க எழுதினதப் பாக்காம விட்டுட்டம் எண்டு நினைச்சீங்களா அக்கா? நாங்க விடல்ல. வட்டத்தில வாசிச்சம். சிவம் அண்ணனும் இருந்தாரு."

"என்ன சொன்னாங்க?"

"யோசிப்பம் எண்டாங்க. மறுகா ஆருக்கும் சொல் இருக்கல்ல. அதால அப்பிடியே போட்டுட்டம்."

"ஆரு போடச் சொன்ன?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். நல்ல பிள்ளை, உண்மையாகத்தான் யோசித்தாள்.

"எல்லாரும்தான் அக்கா."